கோடியக்கரை சதுப்புல மூடிப்போன பழைய பாதையில நடக்கலாமா?

கேட்டது இதுதான். நவம்பர் கடைசி வாரத்துல மூணு பெரியவங்களும் பத்து வயசுப் பையன் ஒருத்தனும் கோடியக்கரை வர்றாங்க, சேட்டிலைட் மேப்ல காட்டுக்கும் சதுப்புக்கும் ஓரமா ஒரு பழைய பாதை கோடு மாதிரி தெரியுது, அது இப்ப செடி மண்டிப்போய் கெடக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க, அதுல உள்ளூர் ஆள் இல்லாம நடக்கலாமா, என்ன ஷூ வாங்கணும், பையனக் கூட்டிட்டுப் போலாமா. நான் இந்தப் பக்கத்துக்காரன், பறவை கணக்கெடுக்கப் போறவங்களோட பல வருஷமா இந்தச் சேத்துல நடந்துக்கிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல மாசத்த மாத்துங்க. நவம்பர் கடைசின்னா வடகிழக்குப் பருவமழை நல்லா புடிச்சிருக்கிற நேரம், காவிரி டெல்டாவுல பேஞ்ச தண்ணில ஒரு பகுதி வடிஞ்சு வந்து சேர்ற எடம் இந்த வேதாரண்யம் சதுப்பு, நீங்க மேப்ல பாத்த வெள்ளக் கோடு அப்ப முழங்கால் தண்ணிக்கு அடியில இருக்கும். போதாக்குறைக்குப் புயல் சீசன். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுலதான் கரையக் கடந்துச்சு, அந்த ஒரு ராத்திரில இந்தக் காட்டுல சாஞ்ச மரத்துக்குக் கணக்கே இல்ல. ஜனவரி பாதிலேர்ந்து பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் நடக்கறதுக்கு ஏத்த நேரம், தண்ணி வடிஞ்சிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, வெளிநாட்டுப் பறவைங்க இன்னும் கெளம்பியிருக்காது, பூநாரையும் இருக்கும். பூநாரை பாக்கணும்னு ஆசைன்னா அதுக்காகவாவது பிப்ரவரிக்குத் தள்ளிப் போடுங்க.

அடுத்தது அனுமதி. இது 1967லயே வெளிமானுக்காக சரணாலயமா அறிவிச்ச எடம், 2002 ஆகஸ்ட்ல சுத்தியிருக்கிற சதுப்பையும் சேத்து 38,500 ஹெக்டேர ராம்சர் தளமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிச்சாங்க. மேப்ல கோடு இருக்குங்கறதுக்காக யார் வேணா நடந்துட முடியாது, அனுமதி இல்லாம உள்ள போனா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். வனத்துறை ஆபீஸ்ல போய் நேராக் கேளுங்க, எந்தப் பக்கம் போறோம்னு சொல்லுங்க, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருத்தர் கூட வந்தா உங்க அதிர்ஷ்டம்னு நெனைங்க. அவங்கள்ல பல பேர் சின்ன வயசுலேர்ந்து இங்கயே சுத்துனவங்க, எந்தப் பாதை போன வருஷம் இருந்துச்சு இந்த வருஷம் இல்லங்கறது அவங்களுக்குத்தான் தெரியும். "வேணாம், இந்த வாரம் அந்தப் பக்கம் தண்ணி கெடக்கு"ன்னு சொன்னா மறு பேச்சு பேசாம திரும்பிடுங்க. ஆக, உள்ளூர் ஆள் இல்லாமப் போலாமான்னு கேட்டீங்கள்ல, போகக்கூடாது, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கெடையாது.

இனிமே பாதை ஏன் மூடிப் போச்சுன்னு சொல்றேன், ஏன்னா அது தெரிஞ்சாத்தான் உள்ள போய் என்ன பண்ணணும்னு புரியும். கோடியக்கரைக் காடு உண்மைல குட்டையான, எலை உதிராத காடு, உலக்கைப்பாலை, நாவல், உகா மரம்னு இருக்கும், அது முடியற எடத்துல புல்வெளி, அதுக்கப்புறம் உப்பு மண்ணுல வளர்ற குட்டையான உமிரிச் செடி, அதுக்கப்புறம் வெறும் உவர் பொட்டல், அதத் தாண்டி தண்ணி. இந்த வரிசை தெளிவா தெரிஞ்ச வரைக்கும் பாதையும் தெளிவா இருந்துச்சு, உப்பளத்துக்குப் போறவங்க, மாடு ஓட்டிட்டுப் போறவங்க, வெறகு பொறுக்கப் போறவங்க எல்லாரும் மிதிச்சு மிதிச்சு வெச்சிருந்தாங்க. அந்த நடமாட்டம் கொறஞ்சதும் சீமைக்கருவ வந்துருச்சு. அது எப்படி வருதுன்னு கொஞ்சம் கவனிங்க. மாடும் இங்க காட்டுல திரியற குதிரைங்களும் அந்த நெத்த விரும்பித் திங்கும், உள்ள இருக்கிற வெதை செரிக்காம சாணியோட வந்து விழும், ஈரமான சாணிக்குள்ள கெடந்தா இன்னும் நல்லாவே மொளைக்கும். மாடும் குதிரையும் எந்த வழியா நடக்கும்? நம்ம நடந்த அதே வழியாத்தான். அதனால பாதைதான் முதல்ல மூடும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளியா இருக்கும்போதே நடுவுல மட்டும் வரிசையா கருவ நிக்கும். புதுசா வர்றவங்க இதப் பாத்துட்டு வேலி போட்டு வெச்சிருக்காங்கன்னு நெனைச்சுக்கறாங்க. நீங்க பழைய பாதையக் கண்டுபுடிக்கணும்னா இந்தக் கருவ வரிசையத்தான் தேடணும், ஆனா அதுக்குள்ள பூந்து நடக்கக்கூடாது, அதுக்குப் பக்கத்துல மேட்டுப் பக்கமா பத்து இருபது அடி தள்ளி நடக்கணும்.

கைல அருவா கொண்டு வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க. சரணாலயத்துல எதையும் வெட்டக்கூடாதுங்கறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் கருவைய மேலாக்க வெட்டுனா அது சாகாது, வெட்டுன அடிலேர்ந்து அஞ்சாறு கெளை ஒண்ணாக் கெளம்பி முன்ன இருந்ததவிட அடர்த்தியா புதராயிடும். அத வேரோட புடுங்குனாத்தான் போகும், அது வனத்துறை செய்ய வேண்டிய வேலை. இதப் பத்திப் பேசும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா வெளிமானுக்கு வேண்டியது நாலா பக்கமும் கண்ணுக்கெட்டுற தொறந்த புல்வெளி, நரி வந்தா தூரத்துலயே பாத்துட்டு ஓடணும், இந்தக் கருவ புல்வெளிய தின்னுக்கிட்டே வருது, நம்ம நடக்கிற பாதை போனா வேற பாதை போட்டுக்கலாம், அதுங்களுக்குப் புல்வெளி போனா வேற எடம் எங்க இருக்கு.

சரி, புதரத் தாண்டி சதுப்போட ஓரத்துக்கு வந்துட்டீங்க. இங்கதான் மேப்ப பையில போட்டுட்டுத் தரையப் படிக்க ஆரம்பிக்கணும். தூரத்துலேர்ந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் கலர்ல சப்பையா தெரியும், குனிஞ்சு பாத்தா அப்படி இல்ல. உமிரி செவப்பாவும் பச்சையாவும் கணுக்கால் ஒசரத்துக்கு அடர்த்தியா வளந்திருந்தா அந்த எடத்துல பெரும்பாலும் தரை தாங்கும், அது வருஷத்துல பாதி நாளாவது தண்ணிக்கு மேல இருக்கிற மேடு. உமிரி கலைஞ்சு தனித்தனிச் செடியா நிக்குதுன்னா எச்சரிக்கை. செடியே இல்லாம மேல உப்பு பூத்து வெள்ளையா, தட்டு தட்டா வெடிச்சிருந்தா, அந்த வெடிப்போட ஓரம் மேல தூக்கிக்கிட்டு நொறுங்குற மாதிரி இருந்தா ஓரளவு காஞ்சிருக்கு. ஆனா வெள்ளையா இருந்தும் வெடிப்பே இல்லாம வழவழன்னு பளபளப்பா இருந்தா அதுமேல கால் வெக்காதீங்க, மேல ஒரு வெரக்கட கனத்துக்குத்தான் ஓடு, அடியில கருப்பு உளை. பாசி படிஞ்சு தோல் மாதிரி சுருண்டு கெடக்கிற எடமும் அப்படித்தான்.

எனக்குக் கத்துக் குடுத்த பெரியவர் ஒருத்தர் எப்பவும் குதிரைக் குளம்படியத்தான் பாப்பாரு. இங்க திரியற குதிரைங்க மனுஷன விட நல்ல கனம், அதுங்க நடந்த தடம் புதுசா இருந்து, குளம்பு ஒரு வெரல் ஆழத்துக்குள்ள பதிஞ்சிருந்தா உங்களத் தாங்கும். ரெண்டு வெரலத் தாண்டி ஓரம் பிதுங்கியிருந்தா அந்தக் குதிரையே அடுத்த அடில பக்கவாட்டுல ஒதுங்கியிருக்கும், தடத்தத் தொடர்ந்து பாருங்க, தெரியும். மான் தடத்த நம்பாதீங்க, வெளிமான் கனமே இல்லாத உசுரு, அது ஓடுன எடத்துல நாம நிக்கக்கூட முடியாது. அதோட தடம் எத்தன நாள் பழசுங்கறதும் முக்கியம், அந்தத் தடத்துக்குள்ள உப்பு பூத்திருந்தா அது பழசு, அதுக்கப்புறம் தண்ணி வந்து போயிருக்கலாம். கைல தோள் ஒசரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு கண்டிப்பா வேணும், சந்தேகமான எடத்துல ரெண்டு அடி முன்னாடி குத்திப் பாத்துட்டுத்தான் கால எடுக்கணும். கம்பு குத்தும்போது அழுகுன முட்ட நாத்தம் வந்துச்சுன்னா அங்க மேல் ஓடு ஒடைஞ்சு அடியில காத்தே படாம கெடந்த சேறு வெளிய வருதுன்னு அர்த்தம், திரும்பிடுங்க.

தண்ணி எப்ப வரும்ங்கறதுலதான் வெளியூர்க்காரங்க ஏமாந்துடறாங்க. ஏத்தவத்த டைம்டேபிள போன்ல பாத்துட்டு தைரியமா எறங்கிடுவாங்க. இந்தப் பக்கம் கடல் ஏத்தம் ஒரு மீட்டர் கூட வராது, அதவிட இங்க காத்துதான் எசமான். சதுப்பு தட்டு மாதிரி சப்பையா இருக்கு, தண்ணி நாலு வெரல் ஏறுனா அது ரொம்ப தூரத்துக்குப் பரவிடும். வாடைக் காத்து சீரா அடிக்கிற வரைக்கும் பயமில்ல, தெக்குலேர்ந்து சோழகம் புடிச்சுருச்சுன்னா பாக் ஜலசந்தித் தண்ணியத் தள்ளிக்கிட்டு உள்ள வரும், மழையே இல்லாம, வானம் வெளுப்பா இருக்கும்போதே வரும். கோடியக்கரைல நெலம் ரெண்டு பக்கம் கடலுக்கு நடுவுல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு, கெழக்க வங்கக்கடல், தெக்க ஜலசந்தி, அதனால காத்து திரும்புறது முதல்ல முகத்துலதான் தெரியும். இதுவரைக்கும் இடது கன்னத்துல பட்டுக்கிட்டு இருந்த காத்து வலது பக்கம் மாறுச்சுன்னா நின்னு யோசிங்க, மீனவங்க யாராவது கண்ணுல பட்டா கேளுங்க.

ஒரு தடவை மார்ச் தொடக்கத்துல நாலு பேரு போயிருந்தோம், அதுல கூட வந்த காலேஜ் பையன் ஒருத்தன் கொசு உள்ளான்ங்கற குட்டிப் பறவைங்களோட கூட்டம் ஒண்ணப் பக்கத்துல பாக்கணும்னு எங்கள விட்டு முப்பது அடி வெலகிப் போனான். காலைல பத்தரை மணி இருக்கும். அவன் கத்தல, "அண்ணே"ன்னு மெதுவா கூப்புட்டான், திரும்பிப் பாத்தா வலது கால் தொடை வரைக்கும் உள்ள, இடது கால் முழங்கால் வரைக்கும் உள்ள. நாங்க ஓடல, அதுதான் முதல் பாடம், ஓடிப் போனா நாமளும் சேந்து மாட்டுவோம். அவன முதல்ல பின்னாடி சாஞ்சு உக்காரச் சொன்னோம், பையக் கழட்டி முதுகுக்குக் கீழ போட்டுக்கிட்டான், கனம் பரவுனதும் எறங்கறது நின்னுச்சு. ஆளு புதைஞ்சதும் மேல இழுக்கத்தான் எல்லாருக்கும் தோணும், ஆனா நேரா இழுத்தா வராது, பாதத்துக்கு அடியில காத்துப் போக வழி இல்லாம உறிஞ்சிப் புடிச்சிருக்கும், ரொம்ப பலமா இழுத்தா மூட்டுதான் நழுவும். கால உள்ளயே முன்னயும் பின்னயும் சின்னச் சின்னதா ஆட்டணும், குதிகால மேல தூக்கி முன்பாதத்தக் கீழ மடக்கணும், ஆட்ட ஆட்ட ஓரத்துல தண்ணி எறங்கி சேறு எளகும், ஒரு கட்டத்துல "ப்ளக்"னு ஒரு சத்தம் வரும், அப்ப ஒரு சாண் மேல வந்திருக்கும். அவன் காதுல அந்தச் சத்தம் விழுந்ததும்தான் முகத்துல ரத்தமே வந்துச்சு. நாங்க ரெண்டு கம்ப அவனுக்கு ரெண்டு பக்கமும் படுக்கப் போட்டோம், அதுல கையூனி, மல்லாந்தே நகந்து வந்தான். இருவத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. ஷூ ஒண்ணு உள்ளயே போயிருச்சு, திரும்ப ரெண்டு கிலோமீட்டர் முள்ளுக்காட்டுல ஒத்தக் கால்ல சட்டையச் சுத்திக் கட்டிக்கிட்டு நடந்தான். அன்னிக்கு அவன் மட்டும் தனியா வந்திருந்தான்னா என்ன ஆகியிருக்கும்ங்கறத நான் இப்பவும் நெனைச்சுப் பாக்கறது உண்டு.

இதுலேர்ந்தே ஷூ கேள்விக்கும் பதில் வந்துருச்சு. கணுக்கால் வரைக்கும் வர்ற, நாடாவ இறுக்கிக் கட்டுற மாதிரி ஷூதான் வேணும், அடிப்பாகம் தடிமனா இருக்கணும், சீமைக்கருவ முள்ளு ஹவாய் செருப்ப சர்வ சாதாரணமா துளைச்சிரும், சாதா ஸ்போர்ட்ஸ் ஷூவையும் துளைக்கும். முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் கம்பூட் வேணவே வேணாம், சேறு புடிச்சா அதுக்குள்ள தண்ணி பூந்து கால் கல்லு மாதிரி ஆயிடும், கழட்டவும் முடியாது. வெலை ஒசந்த வாட்டர்ப்ரூஃப் ஷூவுக்குக் காசு செலவு பண்ணாதீங்க, உள்ள பூந்த தண்ணி வெளிய போகாது, அடி தடிமனா இருக்கிற பழைய கான்வாஸ் ஷூ அதவிட மேல். வெறுங்காலோட நடக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க, உள்ளூர் ஆளுங்க நடக்கறாங்க, அவங்க பாதம் வேற, சேத்துக்குள்ள ஒடைஞ்ச சிப்பி பிளேடு மாதிரி கெடக்கும், அந்த உப்புத் தண்ணில காயம் பட்டா சீக்கிரம் ஆறாது.

முழு பேண்ட்டு, முழுக்கை சட்டை, காலுறைக்குள்ள பேண்ட்ட சொருகிக்கணும். முள்ளுக்காக மட்டும் இல்ல, மானும் குதிரையும் மாடும் படுத்து எந்திரிச்ச புல்லுல உண்ணி இருக்கும், கடுகு சைஸ்ல இருக்கும், ஏறுறதே தெரியாது, சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னாடி எல்லாம் தேடிப் பாருங்க. தண்ணி ஆளுக்கு நாலு லிட்டர், நான் கூட்டிச் சொல்லல, உள்ள ஒரு சொட்டு நல்ல தண்ணி கெடையாது, நெழலும் கெடையாது, உப்புத் தரைல வெயில் கீழேர்ந்தும் அடிக்கும், தொப்பியோட கூலிங்கிளாசும் வேணும். காலைல ஆறு ஆறரைக்குக் கெளம்புனா பத்து மணிக்குத் திரும்பற முகமா இருக்கணும். பத்துக்கு மேல கானல் கெளம்பிடும், தூரத்துல நிக்கிற பூநாரை வரிசை அந்தரத்துல மெதக்கிற மாதிரி தெரியும், பாக்க அவ்வளவு அழகா இருக்கும், ஆனா தண்ணி எது தரை எதுன்னு கண்ணு பொய் சொல்ல ஆரம்பிச்சிரும், கரைல இருக்கிற மரமெல்லாம் எடம் மாறித் தெரியும். போன்ல நடந்த தடத்தப் பதிவு பண்ணிக்கிட்டே போங்க, திரும்பும்போது அதே தடத்துல திரும்புங்க, குறுக்கு வழி எடுக்காதீங்க, பவர்பேங்க் வெச்சுக்கோங்க.

பாம்ப பத்திக் கேப்பீங்க. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நல்ல பாம்பு எல்லாம் இந்த மாதிரிப் புதருல இருக்கும், சேத்த விட கருவப் புதருக்கு அடியில, சாஞ்சு கெடக்கிற மரத்துக்கு அடியிலதான் கவனமா இருக்கணும். கஜாவுல சாஞ்ச மரத்தத் தாண்டும்போது நேரா அந்தப் பக்கம் கால் வெக்காதீங்க, முதல்ல மரத்து மேல ஏறி நின்னு அந்தப் பக்கம் பாத்துட்டு எறங்குங்க. கடிச்சிருச்சுன்னா கயிறு கட்டாதீங்க, கீறி விடாதீங்க, அந்தக் கைய காலை அசைக்காம வெச்சு 108க்கு போன் பண்ணிட்டு வேதாரண்யம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமும் போற ப்ளான் இருந்தா இன்னொண்ணு, அங்க தில்லை மரம் இருக்கு, எலையோ கெளையோ ஒடைஞ்சா வெள்ளைப் பால் வடியும், அது கண்ணுல பட்டா பார்வைய பாதிக்கும், கெளைய ஒதுக்கிட்டு அதே கையால கண்ணக் கசக்காதீங்க. கழுதைமுள்ளிச் செடியும் அங்க ஓரமெல்லாம் இருக்கும், பூ நீலமா அழகா இருக்கும், எலை ஊசி.

இன்னொரு வேண்டுகோள், இத நீங்க கண்டிப்பா மதிக்கணும்னு கேட்டுக்கறேன். மாசி கடைசிக்கு மேல ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் தரையிலயே முட்ட வைக்கும், கூடெல்லாம் கெடையாது, சும்மா ஒரு சின்னப் பள்ளம், நாலு சிப்பித் துண்டு, முட்டை மண்ணு கலர்லயே இருக்கும். ஆள்காட்டி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துனா உங்க காலுக்குப் பக்கத்துல முட்டை இருக்குன்னு அர்த்தம், போட்டோ எடுக்க நிக்காதீங்க, வந்த வழியே நாலு எட்டு பின்னால போய் வேற பக்கம் சுத்திக்கோங்க. அந்த வெயில்ல தாய் எந்திரிச்சுப் போனா முட்டை வெந்துரும். பூநாரையையும் பறக்க வெச்சு வீடியோ எடுக்காதீங்க, ட்ரோனும் கூடாது, அதுங்க இங்க வர்றதே எரை தின்னு உடம்பத் தேத்தறதுக்குத்தான், ஒவ்வொரு தடவ வெரட்டும்போதும் தின்னது வீணாப் போகுது.

கடைசியா பையன். பத்து வயசுப் பையன சதுப்புக்குள்ள கூட்டிட்டுப் போகாதீங்க, அவனோட முழங்கால் உங்க கெண்டைக்கால்தான், நீங்க கெண்டைக்கால் வரைக்கும் எறங்குற எடத்துல அவன் மாட்டிக்குவான். அதுக்காக அவன வீட்டுல விட்டுட்டு வர வேணாம். வேதாரண்யத்துலேர்ந்து கோடியக்கரை பத்து பதினோரு கிலோமீட்டர்தான், முதல் நாள் எல்லாரும் சேந்து ராமர் பாதம் போங்க, காட்டுக்குள்ள அதுதான் ஒசரமான எடம், ஒசரம்னா நாலு மீட்டர்தான், ஆனா இவ்வளவு சப்பையான ஊருல நாலு மீட்டர்லேர்ந்து பாத்தாலே காடும் சதுப்பும் எங்க பிரியுதுன்னு அவனே கையக் காட்டிச் சொல்லுவான். காலைல சீக்கிரமாப் போனா வழில புல்வெளில வெளிமான் மேயறதப் பாக்கலாம், ஆண் மானுக்கு முறுக்குன கொம்பு, முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, பொட்ட மான் பழுப்பு, அவன்கிட்ட பைனாகுலர குடுத்து எத்தன ஆண், எத்தன பொட்டன்னு எண்ணச் சொல்லுங்க. மறுநாள் பெரியவங்கள்ல ரெண்டு பேரு காவலரோட சதுப்போரம் போய்ட்டு வாங்க, ஒருத்தர் பையனோட கடற்கரைல இருங்க. அந்த சீசன்ல பங்குனி ஆமை முட்டை போட வரும், வனத்துறை அந்த முட்டைய எடுத்து வேலி போட்ட மணலுக்குள்ள பொதைச்சு பாதுகாக்கறாங்க, குஞ்சு கடலுக்கு விடற நாள் ஏதாவது வருதான்னு அனுமதி கேக்கப் போகும்போதே விசாரிச்சு வெச்சுக்கோங்க.